ஐந்து புள்ளி ஏழு

எங்கள் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டும் மேசை ஒன்றே ஒன்றுதான். அங்கே நின்று வெட்டியவர் வேலையை விட்டதும் அது எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பல வருஷமாகத் தைத்துத் தைத்து முதுகு ஒடிந்தவள் நான். அந்த நேரம் பார்த்துக் கடையில் வந்து சேர்ந்தாள் என் ஓரகத்தி, என் கொழுந்தனைக் கட்டிய மகராசி.

மேசை ஓரத்தில் பதித்திருக்கும் பித்தளை அளவுகோலில் அடியும் அங்குலமும்தான் உண்டு. இப்போது வரும் ஆர்டரெல்லாம் சென்டிமீட்டரில். அவள் தாளைப் பார்ப்பாள், உதட்டை அசைப்பாள், அங்குலத்தில் சொல்லிவிடுவாள். கடையே வாயைப் பிளக்கும். வீட்டில் மாமியாரும் சின்னவள் மூளையே மூளை என்பார். எனக்கு வயிறு எரியும்.

ஒரு விடுதியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. மாடி ஜன்னல்கள் எனக்கு, கீழ்த்தளம் அவளுக்கு; யார் வேலை சுத்தமோ அவளுக்கே மேசை என்றார் முதலாளியம்மா. மாடித் திரையின் உயரம் 174 சென்டிமீட்டர். அவளைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். அவளிடம் போய் நானா கேட்பேன்? ஓரடிக்கு 30.48 சென்டிமீட்டர் என்று கால்குலேட்டரில் வகுத்தேன். ஐந்து புள்ளி ஏழு என்று வந்தது. ஐந்தடி ஏழு அங்குலம் என்று கணக்குப் பண்ணி, மடிப்புக்குக் கொஞ்சமே விட்டு, எல்லாவற்றையும் வெட்டித் தைத்து முடித்தேன்.

ஒன்றை எடுத்து அளந்து பார்த்தவள் அவள்தான். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், அதில் புள்ளி ஏழு என்றால் எட்டரை வரும் என்று என் காதோடு சொன்னாள். எல்லாத் திரையும் ஒன்றரை அங்குலம் குட்டை. மேசை போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் இன்னும் எரிந்தது.

அவள் மிஞ்சிய கருநீலத் துணியை எடுத்து அடியில் பட்டை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். வேறு வழியில்லாமல் நானும் சேர்ந்துகொண்டேன். திரையை வாங்க வந்த விடுதிக்காரர் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார். யாருடைய யோசனை என்று முதலாளியம்மா கேட்டார்.

"அக்காவோடதுதான்" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மேசை எனக்குக் கிடைத்தது. வீட்டுக்கு நடக்கும்போது பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"ஏன்டி அப்படிச் சொன்னே? மேசை உனக்கு வேண்டாமா?"

"எனக்கு எதுக்குக்கா? நாள் பூரா நிக்கணும். நான் உக்காந்து தைக்கிற ஆளு. உங்களுக்குத்தான் அதுமேல உசுரு."

ஆக, இத்தனை நாள் போட்டியில் ஓடிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

இப்போது கத்திரி என் கையில். நின்று நின்று கால் வீங்குகிறது. ஜன்னலோரம், நான் விட்டுவந்த மெஷினில் அவள் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தைக்கிறாள். என்னிடம் அந்த மெஷின் ஒருநாளும் இவ்வளவு சத்தமில்லாமல் ஓடியதில்லை. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.