வெடித்த ஸ்டியரிங் கிண்ணம்

ஜுனைதீன் பதுளையில் பசறை வீதியோரம் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். எழுபத்து நாலாம் ஆண்டு, மழை விடாத ஒரு காலையில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் இரகுநாதன் தன்னுடைய பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"வளைவில திருப்பினா ஹேண்டில் துள்ளுது. பிரேக் பிடிச்சா முன்பக்கம் அப்பிடியே குந்துது. ஒருக்காப் பாருங்கோ."

ஜுனைதீன் முன்சில்லைத் தூக்கிப் பிடித்து ஆட்டினார். கடகடவென்று தட்டியது.

"இத வெச்சிக்கிட்டு எப்பிடி ஐயா மலை ஏறின நீங்க? முழுசாக் கழட்டோணும்."

கழற்றக் கழற்றப் பயம்தான் கூடியது. முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களுக்குள் ஒயில் இல்லை, கறுத்த சேறுதான் வடிந்தது. புஷ் வளையங்கள் தேய்ந்து நெளிந்திருந்தன. ஹேண்டில் திரும்பும் இடத்து ஸ்டியரிங் குண்டுகள் சொத்தைப் பல்லைப் போல அரித்துப் போயிருந்தன. குண்டுகள் உருளும் கீழ்க் கிண்ணம் துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உளி வைத்துப் பதமாகத்தான் தட்டினார். ஆனாலும் அது இரண்டாக வெடித்து வந்தது.

வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றிருந்த காலம். பதுளையில் கிண்ணம் இல்லை. பண்டாரவளையில் ஒரு கடைசல் பட்டறைக்காரன், பழைய லொறி அச்சில் கடைந்து தருவதாகச் சொன்னான். அவனிடமும் ஏற்கெனவே வேலை குவிந்து கிடந்தது.

அடுத்த கிழமை இரகுநாதன் மருந்து வாங்க பஸ்ஸில் பதுளைக்கு வந்தவர், கடைக்குள் எட்டிப் பார்த்தார். அவரைத் தேடிக்கொண்டு தோட்டத்து ஆள் ஒருவன் நனைந்தபடி பின்னாலேயே வந்து நின்றான்.

"ஐயா, மேல் டிவிசன் லெட்சுமி மகளுக்கு வயித்தால போறது நிக்கலைங்க. கண்ணு சொருகுது. லொறியும் கொழுந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சுங்க."

இரகுநாதன் சைக்கிளைப் பார்த்தார். முன்பக்கமே இல்லாமல் அது பலகைப் பெட்டி மேல் நின்றது.

"பழையபடியே பூட்டித் தாங்கோ. ஆடினாலும் பரவாயில்லை."

ஜுனைதீன் வெடித்த கிண்ணத்தின் இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"ஏலாது ஐயா. இது இல்லாட்டி ஹேண்டில் நிக்காது."

எதிர்க் கடை வாஹித்திடம் ஒரு கார் இருந்தது. ஜுனைதீன் ஓடிப் போய்க் கேட்டார். அது ஹல்துமுல்லைக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது இரகுநாதன் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். தோட்டச் சந்தியில் இறங்கி, மழைக்குள் மலையேறி, அவர் தொழிலாளர் லயத்தை அடையும்போது பிள்ளையின் உயிர் போயிருந்தது.

கிண்ணம் கடைந்து வந்தது. பித்தளைப் புஷ், தோல் சீல், புது ஒயில் எல்லாம் போட்டு ஜுனைதீன் சைக்கிளைப் பூட்டினார். ஹேண்டில் ஒரு விரலுக்கே திரும்பியது. எடுக்க வந்த இரகுநாதனிடம் அவரால் நிமிர்ந்து பேச முடியவில்லை.

"நான் கொஞ்சம் மெதுவாத் தட்டியிருக்கோணும், ஐயா."

"சைக்கிள்ல போயிருந்தாலும் என்ர மருந்துப் பெட்டியில என்ன கிடந்தது?" என்றார் இரகுநாதன். "அந்தப் பிள்ளை சாப்பிட்டே எத்தனை நாளோ. பசிக்கு நான் எந்தப் போத்தலைத் திறக்கிறது?"

அது உண்மையா, தன்னைத் தேற்றச் சொன்னதா என்று ஜுனைதீனுக்குப் பிடிபடவில்லை. அந்தப் பஞ்சத்தில் ஒரு ராத்தல் பாண் ரொட்டிக்கு விடியற்காலையே வரிசையில் நின்று, அதை எடுத்துக்கொண்டு ஒருநாள் மேல் டிவிசனுக்குப் போனார். லெட்சுமி லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"நீங்க யாருங்க?"

"டிஸ்பென்சர் ஐயாட சைக்கிள் செய்ற ஆள்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஐயா நடந்தேதாங்க வந்தாரு. பாவம், மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னாரு."

ஜுனைதீன் கிட்டப் போனார். பாணை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"உக்காருங்க. சாயத்தண்ணி தாறேன். சீனிதான் இல்லைங்க."

அவர் உட்கார்ந்தார். கசப்புத் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். கடைசிவரை ஸ்டியரிங் கிண்ணம் தன் கையில் வெடித்ததைச் சொல்லாமலே மலை இறங்கினார்.