நாலு மணிப் படகு

"கட்டைவிரலா, ஆள்காட்டி விரலா?" என்று கேட்டார் சேர்மன். கேட்டுவிட்டு, போர்வைக்குள்ளிருந்து இறந்தவரின் வலது கையை வெளியே எடுத்து, பதில் வரும்வரை ஒரு ஆபீஸ் ஃபைலைப் பிடித்திருப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறந்தவர் அவருடைய தங்கையின் கணவர். தங்கை கட்டிலின் மறுபக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"கையை உள்ள வைங்கண்ணே."

"புரிஞ்சுக்கோம்மா. நாலு மணி போட்டுக்கு எல்லா டிக்கெட்டும் இந்தப் போன்லதான் இருக்கு. அந்தக் கரையில வர்ற வேனும் இதுலதான் புக் ஆயிருக்கு. விரல் வச்சாத்தான் திறக்கும். சூடு இருக்கும்போதே வைக்கணும்னு எங்கேயோ படிச்சிருக்கேன்."

"எங்க படிச்சீங்க?"

சேர்மன் ஆதாரம் கேட்கப்படுவதை விரும்பாதவர். "பொதுவாவே அப்படித்தான்" என்றார்.

"உங்கண்ணன் நல்லதுக்குத்தான் சொல்றாரு" என்றாள் அண்ணி, வாசலோரம் நின்றபடி. அவள் இன்னும் வெயில் கண்ணாடியைக் கழற்றவில்லை. அழுதாளா, வெயில்தானா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

தங்கை எழுந்து அண்ணனின் கையிலிருந்து கணவரின் கையை வாங்கி உள்ளே வைத்தாள். மறுகையால் போனையும் வாங்கிக்கொண்டாள். மணி இரண்டே முக்கால்.

படகுத்துறைக்கு எதிரே இருந்த அந்த மருத்துவமனையில் இரண்டு அறைகள்தான். டாக்டர் சின்னப் பெண். சான்றிதழை எழுதிக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்: "இங்க குளிர் அறை கிடையாதும்மா. நாலு மணிப் போட்டை விட்டீங்கன்னா நாளைக்கு அது ரிப்பேருக்குப் போகுது. அப்புறம் நாளன்னிக்குத்தான். ஆம்புலன்ஸ் ரெடியா நிக்குது. மூணே முக்காலுக்குள்ள போட்ல ஏத்திடணும்." வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் செய்தி கேட்டவுடன் நேரே வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். இரவு அவன் பூட்டிய கதவுக்கு முன்னால் தனியாக நிற்கக் கூடாது. அப்பா அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் மனதில் ஓடியது. மற்றவர்கள் அதை ஓடவிட்டால்தானே.

சேர்மன் என்பது பட்டமா பதவியா என்று குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. துணை இயக்குநராக ஓய்வு பெற்றபின், முப்பத்தாறு வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கத்துக்கு அவர் தலைவரானார். அறிவிப்புப் பலகையில் 'சேர்மன்' என்று தாமே எழுதிக்கொண்டார். எத்தனையோ கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியிருக்கிறாரே தவிர, ஒரு நாற்காலியைக்கூட எடுத்துப் போட்டதில்லை. அதற்கு மாப்பிள்ளை இருந்தார். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அந்தக் குடும்பத்தில் கை அழுக்காகும் வேலை பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்பதால், டிக்கெட் போடுவது, பெட்டி தூக்குவது, மாத்திரை நேரம் சொல்வது, சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஓட்டல்காரனிடம் சண்டைக்குப் போவது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. "மாப்பிள்ளை பார்த்துப்பார்" என்று சேர்மன் சொன்னால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். முடித்தவர் தாம்தான் என்று சேர்மன் நம்பினார்.

இன்று காலை கலங்கரை விளக்கத்துக்குப் போகும் குன்றில் நூற்றுநாற்பது படி. உச்சியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள சேர்மனுக்கு மடக்கு நாற்காலி வேண்டியிருந்தது. மாப்பிள்ளை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். அறுபதாவது படியில் அவள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அதை எதுக்கு நீங்க தூக்கறீங்க? அவருக்குக் கை இல்லையா?"

"விடு. உங்கண்ணன்தானே."

"எங்கண்ணன்தான். தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டு ஏறினார். அதன்பிறகு அவள் அவரோடு பேசவில்லை. இறங்கும்போது இடது தோள் வலிக்கிறது என்று அவர் சொன்னது அண்ணியிடம்தான். அண்ணி தைலம் கொடுத்தாள். வேனில் முன்சீட்டு சேர்மனுக்கு, நடுச்சீட்டு பெண்களுக்கு, கடைசிச் சீட்டு ஏழு பெட்டிகளுக்கும் அவருக்கும். இரண்டு மணி நேரப் பாதையில் சேர்மன் தீவுகள் உருவாவது எப்படி என்று விளக்கிக்கொண்டே வந்தார். பின்னால் சத்தமே இல்லை. கேட்டுக் கேட்டுத் தூங்கிவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நியாயமான சந்தேகம்தான்.

படகுத்துறையில் வேன் நின்றதும் மூவரும் இறங்கி, வண்டியின் பின்பக்கம் போய் நின்றார்கள். பெட்டிகள் இறங்கவில்லை. மூன்று நிமிடம் நின்றிருப்பார்கள். "மாப்பிள்ளை, போட் கிளம்பிடப் போகுது" என்று சேர்மன் கண்ணாடியைத் தட்டினார். பிறகு டிரைவர்தான் கதவைத் திறந்து பார்த்தான்.

அந்த மூன்று நிமிடம் அவளும் அங்கேதான் நின்றாள். அண்ணனோடு சேர்ந்து, பெட்டிக்காக.

அவள் கையிலிருந்த கணவரின் போன் அடித்தது.

"திறந்துடுச்சா?" என்று சேர்மன் எட்டிப் பார்த்தார்.

"போன் வருதுண்ணே." அவள் எடுத்தாள்.

"சார்! சார், லிஃப்ட் நின்னுடுச்சு சார்! மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல. உள்ள ஒரு அம்மா கத்துறாங்க, கதவை நெம்பிப் பார்க்கவா சார்?" ஏதோ ஒரு கட்டடத்தின் காவலாளி.

"நெம்பாதீங்க" என்றாள் அவள். "யாரும் கதவைத் தொட வேணாம். முதல்ல மேல போய் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க."

"யாரும்மா பேசறது?"

"அவர் வீட்டுலதான். அந்தம்மா பேர் கேட்டீங்களா?"

"பேரா? இல்லையே."

"கேளுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிட்டே இருங்க. காத்து உள்ள போகும், கயிறு அறாது, பயப்பட வேணாம்னு சொல்லுங்க. கதவுக்கு மேல ஸ்டிக்கர்ல கம்பெனி நம்பர் இருக்கும், அதுக்கு அடிங்க. ஆள் வருவாங்க."

"சார் எங்கம்மா?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். "படுத்திருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இருபத்திரண்டு வருடம் சாப்பாட்டு நேரத்திலும் படுக்கையிலும் கேட்டுக் கேட்டு எரிச்சலடைந்த வார்த்தைகள். ஒன்றுகூடத் தவறாமல் வந்ததில் அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

இதற்குள் சேர்மன் சுவரோரம் போய்த் தம்முடைய போனில் குடும்பக் குழுவுக்குச் செய்தி எழுதத் தொடங்கியிருந்தார். "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது… என் தலைமையில் சென்ற சுற்றுலாவில்… ஏம்மா, மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துல என்ன போடறது? 'மின்தூக்கித் தொழில்நுட்ப வல்லுநர்'னு போடட்டுமா?"

"லிஃப்ட் மெக்கானிக்னு போடுங்க."

"எல்லாரும் படிப்பாங்கம்மா. நமக்கும் ஒரு கௌரவம்…"

"அப்ப உங்க பேருக்குப் பக்கத்துல போட்டுக்கோங்க."

அண்ணி முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினாள். "இந்த நேரத்துல இப்படியா பேசறது?"

"வேற எந்த நேரத்துல அண்ணி பேசறது?" என்றபடி அவள் ஸ்டூலைத் தள்ளிவிட்டுக் கிளம்பினாள். மணி மூன்று இருபது. அறையிலிருந்து வெளியேறி, சாலையைக் கடந்து, டிக்கெட் கவுண்டரை நோக்கி நடந்தாள். தங்கை தம்மை முந்திப் போவது பிடிக்காமல் சேர்மனும் பின்னாலேயே வேகமாக வந்தார். கவுண்டர் துளைக்குள் தம்முடைய விசிட்டிங் கார்டை முதலில் தள்ளினார்.

"நான் முன்னாள் துணை இயக்குநர். இப்ப சேர்மன். ஒரு அசம்பாவிதம் நடந்துபோச்சு. எங்க டிக்கெட் எல்லாம் ஒரு போன்ல இருக்கு, அது திறக்கமாட்டேங்குது. உங்க மேலதிகாரி யாரு?"

உள்ளே இருந்தவர் கார்டை எடுத்து இருபுறமும் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். "போனைத் திறக்க வேணாம் சார். எந்த நம்பர்ல புக் பண்ணீங்களோ அந்த நம்பரைச் சொல்லுங்க, போதும்."

சேர்மன் தம்முடைய போனை எடுத்துத் தேடினார். அவருடைய போனில் அது 'மாப்பிள்ளை' என்றுதான் இருந்தது. அதற்குப் பின்னால் பத்து இலக்கங்கள் இருக்கும் என்று அவர் யோசித்ததேயில்லை.

அவள் ஒரே மூச்சில் சொன்னாள். கல்யாணமான புதிதில், லிஃப்டுகளில் ஒட்டும் காகிதங்களில் அந்த எண்ணைத் தடித்த பேனாவால் எழுதிக் கொடுத்தது அவள்தான். நூறு நூறாக எழுதியிருக்கிறாள்.

விஷயம் அவ்வளவுதான். அரை மணி நேரமாக விரலைப் பற்றி விவாதித்தவர்களுக்குச் சாலையைக் கடந்து வந்து கேட்கத் தோன்றவில்லை. போய்க் கேட்டுவிட்டு வருகிறவர் கட்டிலில் கிடந்தார்.

"நாலு பேர்" என்றார் கவுண்டர்காரர் திரையைப் பார்த்து. "மேல ஏசி மூணு. கீழ பெஞ்ச் ஒண்ணு."

"ஏசி மூணுதான் கிடைச்சதுன்னு சொன்னார்" என்றாள் அவள். போன வாரம் வரும்போதும் அப்படித்தான் சொன்னார். 'நான் கீழ பெட்டியைப் பார்த்துக்கிறேன், நீ உங்கண்ணன்கூட ஜாலியா வா' என்று.

"ஏசி எப்பவும் பாதி காலியாத்தான்மா போகும். இன்னிக்கும் இருபது சீட் கிடக்கு. மாத்தித் தரவா?"

அவள் திரும்பிப் படகின் கீழ்த்தளத்தைப் பார்த்தாள். வரும்போது மேல்தளத்தில் ஒன்றரை மணி நேரம் அண்ணன் அலைகளின் வகைகளை விளக்கினார். சன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தபோது கணவர் கம்பியோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு. பாவம், நமக்காகப் பெட்டிக்குக் காவல் இருக்கிறாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அண்ணனை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

"மாப்பிள்ளைக்கு அந்தப் பரந்த மனசு எப்பவும் உண்டு" என்றார் சேர்மன். தொண்டை கம்மியிருந்தது. உண்மையாகவே கம்மியிருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். "நமக்காக வெயில்ல உட்கார்ந்தாரு பாரு."

"ஆமாண்ணே" என்றாள் அவள். "மாத்த வேணாம்" என்று உள்ளே இருந்தவரிடம் சொன்னாள். "அந்தக் கீழ் சீட்டு எனக்கு."

"ஏசி இருக்கும்போது நீ எதுக்குக் கீழ? ஆம்புலன்ஸ்ல டிரைவர் இருக்கான்ல? அவன் பார்த்துப்பான்."

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். என்ன பார்த்தாரோ, சேர்மன் கவுண்டரை விட்டு ஒதுங்கி, எதிர்ச் சாலையோரம் நின்ற வேனுக்குப் போனார். பெட்டிகளை வெகுநேரம் எண்ணினார். பிறகு குனிந்து ஒன்றைத் தூக்கினார்.

மூன்று நாற்பதுக்கு ஆம்புலன்ஸ் இரும்புப் பலகைமீது தடதடவென்று ஏறிக் கீழ்த்தளத்தில் நின்றது. அவள் உள்ளே ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் புகைபிடிக்கக் கம்பியோரம் போனான். பின்கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனதால் தண்ணீர் தெரிந்தது. காற்று நன்றாகத்தான் வந்தது. மேலே அண்ணன் பேசுவது எதுவும் கேட்கவில்லை. என்ஜின் சத்தம் மட்டும்.

நாலு மணிக்குத் துறையை விட்டுப் படகு வளைந்து திரும்பியபோது ஸ்ட்ரெச்சர் உருண்டு வந்து அவள் முழங்காலில் இடித்தது. மறுபடி உருண்டு அந்தப் பக்கம் போனது. சக்கரத்தின் பூட்டை அழுத்திப் பார்த்தாள், பிடிக்கவில்லை. இந்த மாதிரிப் பூட்டையெல்லாம் ஒரு ஆணியும் கம்பியும் வைத்துச் சரிசெய்கிறவர் அதன்மேல்தான் படுத்திருந்தார்.

"எனக்கும் கீழ ஒண்ணு போட்டிருக்கலாம்ல?" என்றாள், குரல் உயர்த்தியே. "கேட்டாத்தான் போடுவீங்களா?"

மறுபடி உருண்டு வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து அழுத்திக்கொண்டாள். இரும்பு குதிகாலில் குத்தியது. கரை தெரிய இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. கால் மரத்துப்போனபோதும் எடுக்கவில்லை.