வடக்கு வாசலின் கடைசிக் கல்

எங்கள் ஊர்ப் பெரிய மார்க்கெட்டுக்கு எட்டு வாசல். எந்த வாசல் வழியாக உள்ளே போனோமோ அதே வாசல் வழியாகத்தான் வெளியே வர முடியும். எங்கள் ஊரில் எல்லா வாசலுக்கும் இதுதான் வழக்கம். ஒற்றை வாசல் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வாசலை அடைக்க நேர்ந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. கடைசிக் கல்லை வைப்பதற்கு முன்னால் கொத்தனார் அந்த ஓட்டையில் முகத்தை வைத்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, வடக்கு வாசலை அடைத்த தவசிக் கொத்தனார் குரல் கொடுக்கவில்லை. உள்ளே ஆறு பேரும் ஓர் ஆடும் இருந்தார்கள். ஆறு பேரில் ஒருத்தி அவர் பெண்டாட்டி பூரணம்.

அவள் அவருக்குச் சோறு கொண்டுவந்தவள். சுவர் அப்போது முழங்கால் உயரம். அவர் சாப்பிட்டு முடித்ததும் தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு, "அரைக் கிலோ சேனைக்கிழங்கு வாங்கிட்டு வந்திர்றேன்" என்று சொல்லி, சேலையைச் சாண் உயரம் தூக்கிப் பிடித்துச் சுவரைத் தாண்டி உள்ளே போனாள். தவசிக்கு வேலை மும்முரம். மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குள் கடைசிக் கல் உட்கார்ந்தாக வேண்டும். மூன்று மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது மஞ்சள் பூசிய கல்லை எடுத்து வைத்து, கொத்துக்கரண்டியின் பிடியால் இரண்டு தட்டு தட்டினார். மூன்று தடவை கூப்பிட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம். அந்த நேரத்தை அவர் மிச்சம் பிடித்தார். மிச்சம் பிடித்ததை என்ன செய்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

மார்க்கெட்டைக் கட்டியது ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர். எட்டுத் திசைக் காற்றும் வந்து போகட்டும் என்று எட்டு மூலையாகக் கட்டச் சொன்னார். காற்று வந்தது, மீன் நாற்றத்தை எட்டுப் பக்கமும் சமமாகப் பங்கு வைத்தது. அறுபத்துநாலு இரும்புத் தூண்கள் கப்பலில் வந்தன. நடுவில் ஒரு நீரூற்று கட்டினார்கள். அதில் ஒரு நாளும் தண்ணீர் வரவில்லை என்பதால் வாழையிலைக்காரர்கள் இலைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு வாசல் வளைவின் உச்சியிலும் ஒரு கிரீடம் செதுக்கச் சொல்லி உத்தரவு. சிற்பி கிரீடத்தைக் கண்டதில்லை. வாசலுக்கு ஒன்றாக எட்டு அன்னாசிப்பழம் செதுக்கி வைத்தார். கலெக்டர் குதிரையை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாராம்.

வடக்கு வாசலுக்கு எதிரே மின்மாற்றி வைக்க இடம் போதவில்லை என்றுதான் அதை அடைத்தார்கள். அன்னாசிப்பழத்தோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள்.

உள்ளே தங்கிப்போனவர்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை முடியவில்லை. அதனால் வயது ஏறவில்லை. தபால்காரர் பையில் அன்றைய கடிதங்கள் இருந்தன. வெளியே போகிறவர்கள் யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார், அது தன் பீட், தெருத்தெருவாகத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பார். கல்யாணச் சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி தேடி வந்த அக்காளும் தங்கச்சியும் இன்னும் நிறம் ஒத்துப்போகாமல் அலைந்தார்கள். குடை ரிப்பேர்க்காரர் மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிராம்பு வாங்க வந்த கணக்குவாத்தியாருக்கு அன்றைக்கு இருந்த பல்வலி அப்படியே இருந்தது. பாவம், நல்ல மனிதர், கன்னத்தைப் பிடித்தபடியே வணக்கம் சொல்லுவார்.

பூரணத்துக்கு இருபத்தாறு வயது. சேனைக்கிழங்குக் கடைக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து, காலி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தவசி தினமும் தெற்கு வாசல் வழியாக உள்ளே வந்து அவளைப் பார்த்துவிட்டு, தெற்கு வாசல் வழியாகத் திரும்பிப் போவார். முதல் மூன்று வருஷம் அவள் அவரோடு பேசவில்லை. நாலாம் வருஷம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்ல?"

அவர் தரையில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். அதன்பிறகு எல்லாம் பேசினாள். வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, கொல்லையில் முருங்கை காய்த்ததா என்றெல்லாம் விசாரித்தாள். ஆனால் அவர் எழுந்து கிளம்பும்போது அந்தக் கேள்வியை மறக்காமல் கேட்டுவிடுவாள். கோபமாகக் கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அவருக்கு மீசை நரைத்தது. பிறகு தலை நரைத்தது. ஐம்பது தாண்டியபோது கடைக்காரர் ஒருவர், "மகளைப் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டார். தவசி ஒரு நாள் முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் தடுமாறினார். பூரணம் எழுந்து, பெரியவர்களைத் தூக்கிவிடுவதுபோல முழங்கையில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அன்றைக்கு அவர் மிளகாய் மண்டிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் போனால் யாருக்கும் கண் கலங்கும்.

சும்மா இருந்துவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. வாராவாரம் திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் மனு கொடுத்தார். "மேற்படி கட்டடத்தில் மேற்படி வாசல் இல்லை" என்று பதில் வரும். பொறுமை இழந்து ஒரு தடவை உளியோடு வந்தார். பூரணம்தான் தடுத்தாள். "வெளியே மின்மாற்றி வேலி நிக்குது. வேலிக்குள்ள திறக்கிறதெல்லாம் வாசலா? சும்மா இருங்க."

முப்பத்துநாலாம் வருஷம் மார்க்கெட்டை இடிப்பது என்று நகராட்சி முடிவெடுத்தது. நான்கு மாடியில் கடைகளும் கார் நிறுத்துமிடமுமாக ஒரு கட்டடம் வரப்போகிறது. கடைகள் காலியாகின. மின்மாற்றியைப் பெயர்த்தெடுத்துப் போனார்கள். உதவிப் பொறியாளர் ரெஜினா, கையில் வரைபடமும் ஒரு பட்டியலுமாக வந்தார். இடிக்கிற அன்று உள்ளே இருப்பது எதுவோ அது கட்டடத்தைச் சேர்ந்தது, ஏலம் எடுத்தவர் கொண்டுபோகலாம் என்பது விதி. இரும்புத் தூண் அறுபத்துநாலு, தேக்கு உத்திரம் முப்பது, நீரூற்று ஒன்று, ஆள் ஆறு, ஆடு ஒன்று என்று பட்டியலில் இருந்தது.

தவசி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஆள் ஆறுல ஒண்ணு என் வீட்டுக்காரிம்மா" என்றார்.

"தெரியும்யா. என் கையில இருந்தா இரக்கப்பட்டு விட்டுருவேன். ஆனா என் வரைபடத்துல ஏழு வாசல்தான் இருக்கு. எட்டாவது வாசல் இருந்ததுக்கு ஆதாரம் காட்டுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம்."

நாளை மறுநாள் இடிப்பு.

தவசி ஏணியைப் போட்டு ஏறி, வடக்குச் சுவரின் உச்சியில் பூச்சைக் கொத்தினார். பூசியவர் அவர்தான், எங்கே கொத்த வேண்டும் என்று சொல்லித் தரத் தேவையில்லை. முதலில் இலைகள் தெரிந்தன. பிறகு செதில் செதிலாகப் பழம். ரெஜினா கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் பேனாவால் எட்டாவது வாசலை வரைந்தார்.

"அன்னாசிப்பழம் இருந்தா வாசல்தான். யார் அடைச்சாங்களோ அவங்களே திறக்கணும். அது உங்களுக்கே தெரியும்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரைக்குத் தவசி தெற்கு வாசல் வழியாக உளியும் சுத்தியலுமாக வந்தார். ஆறு பேரும் வடக்குச் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். தபால்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கடைசிக் கல் எது என்று தவசிக்குத் தெரியும். முப்பத்துநாலு வருஷமாகக் கனவில் வைத்துக்கொண்டிருந்த கல். அதைச் சுற்றி உளியை வைத்தார். தட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கலவை இன்னும் ஈரமாக இருந்தது. கல் கையோடு வந்தது. மஞ்சள் விரலில் ஒட்டியது.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் வெயிலில் ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். கறுத்த மீசை. கையில் கொத்துக்கரண்டி. தலையில் அவர் எப்போதோ தொலைத்த நீலக்கட்டம் போட்ட துண்டு.

"கல்லைக் குடுங்க பெரியவரே" என்றான் அவன். "நேரமாச்சு."

"குரல் குடுத்தியா?"

"மூணு மணிக்கு ராகுகாலம் வந்துரும்."

"வந்தா வந்துட்டுப் போகட்டும். தினம் வர்றதுதானே அது? குரல் குடு."

இளைய தவசிக்கு அது பிடிக்கவில்லை. வேலையில் குறை சொன்னால் தனக்கு அந்த வயதில் எப்படி மூக்கு விடைக்கும் என்று பெரியவருக்கு நன்றாகத் தெரியும். என்றாலும் பெரியவர் பேச்சைத் தட்டாமல் அவன் ஓட்டையில் முகத்தை வைத்தான்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

தபால்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

"யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கோம்" என்றாள் பூரணம்.

அவன் மளமளவென்று முழங்கால் உயரத்துக்குச் சுவரை இறக்கினான். வெளியே அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படியே இருந்தது. எதிரே மின்மாற்றி இல்லை, சோடாக் கடை இருந்தது. தபால்காரர் முதலில் தாண்டி, எதிர் வீட்டு வாசலில் நின்று "தபால்" என்றார். குடை ரிப்பேர்க்காரர் வானத்தைப் பார்த்தார். கணக்குவாத்தியார் கன்னத்தைப் பிடித்தபடி வைத்தியரிடம் ஓடினார். அக்காளும் தங்கச்சியும் போனார்கள். ஆடு மட்டும் நகரவில்லை. அது தெற்கு வாசல் ஆடு என்பது அப்போதுதான் தெரிந்தது.

பூரணம் அரைக் கிலோ சேனைக்கிழங்கை முந்தானையில் கட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றாள். வெளியே நின்றவனையும் உள்ளே நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தவசி அந்தக் கேள்விக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எட்டிப் பார்த்துட்டீங்க" என்றாள் அவள். "போதும்."

அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க வரலையா?"

"நான் தெற்கு வாசல்ல வந்தவன்."

"அப்ப சுத்தி வாங்க. கிழங்கு வறுத்து வைக்கிறேன்."

சேலையைச் சாண் உயரம் தூக்கிப் பிடித்துச் சுவரைத் தாண்டினாள். இளைஞன் அவள் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மறுபடி கல் அடுக்கத் தொடங்கினான். தவசி கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டாம் வரிசையில் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்க்காமல் கல் வைக்கிறான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவன் வாழப்போகிறான், அவனிடம் போய் என்ன குறை சொல்வது என்று நினைத்துக்கொண்டார். தத்துக் கொடுத்துவிட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். அவளோடு வாழ்ந்திருக்க வேண்டிய வருஷங்கள் அத்தனையும் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவருக்கு அழுகை வந்தது. மிளகாய் மண்டி காலியாகிவிட்டதால் சாக்கும் இல்லை. நீரூற்றின் மேல் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு, ஆட்டைக் கூட்டிக்கொண்டு தெற்கு வாசல் வழியாக வெளியே வந்தார்.

ஆடு தெருமுனையில் பிரிந்து போய்விட்டது. அவர் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் அவர் பூட்டிவிட்டு வந்தது ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை வீடு. இப்போது அங்கே தளம் போட்டு, மாடிப்படி வைத்து, பச்சைச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கொல்லையில் இருந்த முருங்கை மட்டும் அதேதான். முன்வாசலில் ஒருவர் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது இருக்கும். அதே நரைத்த தலை, அதே முழங்கால் வலி, குனியும்போது தெரிந்தது. கிழக்கே புதுத் தெரு போட்டுவிட்டார்களாம். வாசலை அந்தப் பக்கம் மாற்றிவிட்டு இதை அடைக்கிறாராம். சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது.

"உள்ளே போகணும்" என்றார் தவசி.

"போங்க" என்றார் வீட்டுத் தவசி, கலவையிலிருந்து கண்ணை எடுக்காமல். கலவை மும்முரத்தில் அவருக்கு ஆளைப் பார்க்கும் பழக்கம் எப்போதும் கிடையாது.

தவசி வேட்டியை மடித்துப் பிடித்துச் சுவரைத் தாண்டினார்.

அடுப்படியில் பூரணம் நின்றிருந்தாள். அறுபது வயது. முன்தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே அவர் பார்த்தறியாத சுருக்கங்கள். ஒவ்வொரு சுருக்கமும் எந்த வருஷம் விழுந்தது என்று கேட்கத் தோன்றியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சுத்தி வர்றதுக்கு இவ்வளவு நேரமா?"

"முழங்கால் வலி" என்றார்.

அவள் மணையை எடுத்துப் போட்டுத் தட்டை வைத்தாள். சோறு போட்டாள். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முன்பக்கம் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மணி மூன்றைத் தாண்டி ராகுகாலம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி வீட்டுத் தவசி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சத்தம் நின்றது. முன்வாசல் இருந்த இடத்தில் கல் அளவுக்கு ஒரு வெளிச்சம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு முகம் வந்து மறைத்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

தவசி பூரணத்தைப் பார்த்தார். பூரணம் அடுப்பைப் பார்த்தாள். அவளும் அந்த முன்வாசல் வழியாக உள்ளே வந்தவள்தான்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

தவசி சோற்றைப் பிசைந்தார்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

வீட்டுத் தவசி முறைப்படி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மஞ்சள் பூசிய கல்லை வைத்து, பிடியால் இரண்டு தட்டு தட்டினார். அறை சற்று இருண்டது. பூரணம் விளக்கைப் போட்டுவிட்டு, மூடி வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்து தவசியின் தட்டில் சேனைக்கிழங்கு வறுவலை வைத்தாள். கிழங்கு சூடாக இருந்தது.