மூன்று வீட்டுப் பருப்பு மூட்டை

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த மூன்று வீட்டாரும் துவரம்பருப்பை மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளத் துணிந்தது அவர்களில் ஒருத்தியான பூவம்மாளின் பேச்சை நம்பித்தான். அதுவரை அன்றன்றைக்கு மூர்த்தி கடையில் பொட்டலம் வாங்கினார்கள். பொட்டலம் கிழிந்து பாதி வழியில் சிந்தும். வீடு வந்து சேர்ந்ததிலும் கல்லும் உமியும் போக மிச்சம்தான் சட்டிக்கு.

"மூட்டையா வாங்கினா ஒரு பருப்பு வீணாப் போவாது. போச்சின்னா என்னக் கேளுங்க" என்று அவள் சொல்லியிருந்தாள்.

"இன்னா பூவம்மா, மண்டி வெக்கப் போறியா?" என்று மூர்த்தி கடையிலிருந்தபடியே கிண்டல் செய்தான்.

"வெச்சா மொத போணி நீதான்."

புதன்கிழமை அவள் கணவன் காசி வாலாஜாபேட்டை மண்டியில் மூட்டையை வாங்கி ரயிலில் கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. அன்று பங்கிடுவதாக ஏற்பாடு. இடையில் ஓயாத ஐப்பசி மழை.

வெள்ளி காலையில் பூவம்மாள் மூட்டையைத் தொட்டாள். சாக்கு ஈரமாக இருந்தது. கூரையோ ஒழுகவில்லை. ஓரத்துப் பருப்பு கட்டி கட்டியாகக் கையில் வந்தது. வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பு.

"இது மண்டி சாக்கு இல்லியே?" என்று காசியைக் கேட்டாள்.

"அது கிழிஞ்சி கொட்டுச்சி. கெட்டியா இருக்கட்டும்னு நம்ம கிடங்கு சாக்குல மாத்தினேன். நல்லா உதறிட்டுத்தான்."

தொழிற்சாலைக் கிடங்கில், பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு வந்து இறங்கிய சாக்கு அது. எவ்வளவு உதறினாலும் இழையில் ஏறிய உப்பு மழைக்காற்றில் நீர்விடும். கிடங்கு வேலையில் தினமும் அந்தச் சாக்குகளோடு புழங்குகிறவனுக்கு அதன் உறுதிதான் நினைவுக்கு வந்தது.

"நடுவுல இருக்கறது காஞ்சிதான் இருக்குது. அத அவங்களுக்குத் தந்துட்டு, ஓரத்த நாம வெச்சிக்கலாம். வெளிய சொல்லாத" என்றான்.

"அப்பவும் வீணாப் போனது போனதுதானே? ஒளிச்சது தெரிஞ்சா அடுத்த மூட்டைக்கு எவ வருவா?"

அவளே போய் மற்ற இரண்டு வீட்டு அக்தரி பேகத்தையும் ஆரோக்கியமேரியையும் அழைத்துவந்து, சாக்கு மாறிய கதையைச் சொல்லிக் காட்டினாள்.

"ஐயையோ, வெயிலும் இல்ல. நாளைக்கே பூசணம் பூத்துடும்" என்றாள் மேரி.

அக்தரி பேகம் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தாள். "தோல் மேல பட்ட உப்பா?"

"இல்லக்கா. புது உப்பு. தோல் பக்கமே போவல."

"அப்ப இன்னா பேஜாரு? கழுவினா உப்பு போய்டும். ஈரத்துக்குத்தான் வழி இல்ல."

"வறுத்துட்டா?" என்றாள் பூவம்மாள். "உங்க வீட்டுக் கல்யாண தேக்சா எடுங்க. மூட்டை மொத்தமும் வறுத்துடலாம். நனைஞ்சது, நனையாததுன்னு பங்குல பேதம் வேணாம்."

நனைந்ததைக் கழுவி, கூடையில் வடித்து, பழம்புடவைகளில் பரப்பி ஈரம் ஒற்றினார்கள். தொழிற்சாலையில் தோல் பதனிடச் சாறு இறக்கியபின் கொட்டும் ஆவாரம்பட்டையைக் காயவைத்து அடுப்புக்குச் சேர்த்திருந்தாள் மேரி. அது தணலாக நின்று எரிந்தது. அந்தப் பெரிய பாத்திரத்தில் ஈடு ஈடாகப் பருப்பு சிவந்தது. கரண்டி காசியின் கையில்.

"அடி புடிக்குது பாரு! சாக்கு மாத்தத் தெரிஞ்சுது, கிளறத் தெரியலியா?" என்றாள் அக்தரி பேகம்.

வாசனை தெருமுனை வரை போயிற்று. மூர்த்தியே எழுந்து வந்து எட்டிப் பார்த்து, ஒரு பிடி வாங்கி மென்றுகொண்டு போனான்.

ஆறியபின் பூவம்மாள் படியால் தலைதட்டி அளந்தாள். தன் பங்கைக் கடைசியில் எடுத்துக்கொண்டாள். முறத்தில் ஒரு கை உமி தவிர எதுவும் மிஞ்சவில்லை.

சாயங்காலம் அக்தரி பேகம் வாசலில் வந்து நின்றாள். "சீக்கிரம் வெந்துடுச்சி பூவம்மா, வாசனையும் ஜாஸ்தி. அடுத்த மாசம் கடலை எண்ணெயும் டின்னா எடுத்துடலாம். நீயே பாத்து வாங்கு."

"சரிக்கா. மண்டிக்கு நானே போறேன்" என்றாள் பூவம்மாள்.