கங்காவின் தொட்டிக் கடல்

புக்கிட் ரோத்தான் குறைந்த விலை வீடுகளில், மூன்றாம் வரிசை பதினான்காம் எண் வீட்டின் குளியல் தொட்டிக்குக் கடல் வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குத் தண்ணீர் விளிம்புவரை ஏறியது. மாலை நான்கு மணிக்கு ஒரு சாண் வற்றியது. வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. அந்த வாரம் மழை இல்லை. சந்தையில் கெம்போங் மீன் கிலோ பதினெட்டு வெள்ளிக்கு விற்றது. கடலைக் கூட்டி வந்தது விரல் நீள மீன் ஒன்று. மணல் நிறம். நெஞ்சுக்குக் கீழே இருந்த துடுப்பை ஊன்றித் தொட்டியின் அடியில் உட்கார்ந்திருக்கும். நீந்துவதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். கண்கள் இரண்டும் தலைக்கு மேலே இருந்ததால் எந்நேரமும் அண்ணாந்தே பார்த்தது.

மீன்வளத் துறையிலிருந்து ஷர்மினி என்ற பெண் வந்து அளந்து பார்த்தாள். இது எங்கோ குளிர்ந்த கடலில் இருக்க வேண்டிய மீன், கப்பலின் வயிற்றுத் தண்ணீரில் ஏறித் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறது என்றாள். இறங்கிய கூட்டம் அங்கேயே இருந்துவிடவில்லை. போகிற தண்ணீரையெல்லாம் கடலாக்கிக்கொண்டு போனது. ஒரு பிரிவு வடக்கே சுங்கை புரோங் வயல் வாய்க்கால்களுக்குப் போனது. அங்கே இரண்டு நாள் நாற்றுகளுக்கு நடுவே நண்டு ஓடியது. இந்த ஒரு மீன் மட்டும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் வழியாக வந்து, வேறு இடமே கிடைக்காதது போலக் கங்கா குளிக்கும் தொட்டியில் குடியேறியது. வேறு இடமே கிடைக்காதது போல என்பது அவள் புருஷன் திருச்செல்வத்தின் பேச்சு.

திருச்செல்வம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். ஷர்மினியிடம் அவன் கேட்டது ஒரே கேள்வி. "ஆணா, பொண்ணா?"

"ஆண்தான் அங்கிள். அந்தக் கொட்டாங்கச்சிக்கு அடியில முட்டை இருக்கு பாருங்க. பொண்ணு போட்டுட்டுப் போயிரும். பொரிக்கிற வரைக்கும் இதுதான் காவல். விசிறிக்கிட்டே இருக்கும், எங்கேயும் நகராது."

கங்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இரண்டு பிள்ளை பெற்றபோதும் அவன் லோரியில்தான் இருந்தான். மூத்தவனை மூன்றாம் நாள்தான் வந்து பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அன்றிலிருந்து ராவாங் தொழிற்சாலையிலிருந்து வந்த கையோடு கங்கா தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். சூப்பர்வைசர் முறைத்தது, பஸ்ஸில் ஒருத்தி சண்டை போட்டது, நின்று நின்று கால் வலிப்பது எல்லாவற்றையும் மீனிடம் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் இதில் பாதியைக்கூட அவன் கேட்டதில்லை. கேட்க உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம். கதவுக்கு வெளியே காதைக் கொடுத்துக்கொண்டு வயிறெரிந்தான்.

"எவ்ளோ நேரம்லா? மனுசன் குளிக்க வேணாமா?"

"சின்னத்தாய் அக்கா வீட்டுல போய்க் குளிங்க. நீங்க தண்ணி மொண்டா இது பயப்படுது."

ஒரு வாரம் பக்கத்து வீட்டில் குளித்தான். விரல் நீள மீனைப் பார்த்து லோரிக்காரருக்குப் பொறாமை என்று சின்னத்தாய் வரிசை முழுக்கச் சொல்லி முடித்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. கங்கா வேலைக்குப் போன ஒரு நாள் தொட்டியில் குளோரினைக் கொட்டினான். கடல் ஏற்றம் வந்து கழுவிக்கொண்டு போனது. மீனைக் கொட்டாங்கச்சியோடு வாளியில் அள்ளிக் கோலசிலாங்கூர் ஆற்றில் விட்டான்; அவன் வீடு திரும்புவதற்குள் அது கால்வாய் வழியாக முந்தி வந்து, முட்டையும் கொட்டாங்கச்சியுமாகப் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. கங்காவுக்கு யார் சொன்னார்களோ, நான்கு நாள் அவனுக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. இவள் எனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

தங்கை தனுஜாவின் பிரசவத்துக்காகக் கங்கா சுங்கை பஞ்சாங் போயிருந்த வாரத்தில் வட்டாரம் முழுக்கக் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோனது. கடலே ஆனாலும் அதற்கும் குழாய்தான் ஆதாரம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் நாள் வற்றம் வந்தது, ஏற்றம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை தொட்டியில் இரண்டு விரல் தண்ணீர் மட்டும் இருந்தது. திருச்செல்வம் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பேசாமல் வேலைக்குப் போனால் போதும். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும், பழி குழாய்மேல் விழும்.

லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்தான். முதுகு வெளியே தெரிய மீன் முட்டைகளை விசிறிக்கொண்டிருந்தது. தப்பிக்கும் வழி அதற்குத் தெரியாததில்லை. ஆனாலும் போகவில்லை. திருச்செல்வத்துக்கு வந்தது இரக்கமில்லை, ஆத்திரம்தான். இது இப்படியே செத்துத் தொலைந்தால் கங்கா ஆயுசுக்கும் இதையே சொல்லிக்கொண்டிருப்பாள். உயிரோடு இருக்கிறவனிடம் மல்லுக்கு நிற்கலாம், செத்தவனை எப்படி ஜெயிப்பது?

"செத்துப்போய்ப் பேர் வாங்கலாம்னு பாக்குறியா? விட மாட்டேன்டா," என்று அதட்டிவிட்டு, நான்கு டிரம்களை லோரியில் ஏற்றி ஜெராம் கடற்கரைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தான். ஊற்றியது சாயங்காலத்துக்குள் வற்றியது, மறுபடி போனான். தோட்டத்தில் குலைகள் கிடந்து அழுகின, வேலை வாங்கும் மண்டோர் போனில் கத்தினார். மீன் சோர்ந்து சாய்ந்த நேரங்களில் கொட்டாங்கச்சியைச் சுற்றித் தண்ணீரைத் தன் கையாலேயே விசிறினான்.

கங்கா வீடு திரும்பியபோது அவன் அப்படித்தான் குந்தியிருந்தான், முழங்கைவரை உப்புப் பூத்துப் போய்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"மூணு நாளா."

"லோரி?"

"வாசல்ல நிக்குது."

அவள் ஈரத் தரையிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனுஜாவுக்குப் பெண் குழந்தை என்றாள். பிறகு தங்கை வலியில் கத்தியது, தான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது, குழந்தை தும்மியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவனிடமே சொன்னாள். மீன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முட்டைகள் வெள்ளிக்கிழமை பொரித்தன. குஞ்சுகள் சாக்கடை வழியாகப் பிரிந்து போனதில் இப்போது மூன்றாம் வரிசையில் ஏழு வீடுகளில் கடல் இருக்கிறது. வற்றம் பார்த்துத் துணி ஊறவைக்கிறார்கள். பெரிய மீன் போகவில்லை. ஜெராம் தண்ணீருக்கு நாக்குப் பழகிவிட்டதால் வாரம் ஒரு டிரம் கேட்கிறது. ஞாயிறுதோறும் திருச்செல்வம் போகிறான். கங்காவும் முன் சீட்டில் ஏறிக்கொள்கிறாள். அந்த மீனை அவனுக்கு இன்றுவரை பிடிக்காது. ஆனாலும் திரும்பி வரும்போது லோரியை இருபதுக்கு மேல் ஓட்டுவதில்லை. தண்ணீர் சிந்திவிடும் என்கிறான். டிரம்முக்குத் திருகு மூடி உண்டு.