மதில் மேல் எடுத்த படம்

"சீமைக்கெல்லாம் போயிட்டு வந்துட்ட தங்கச்சி. என்னதான் பாத்த?"

குவைத்தின் ஃபஹாஹீலில், வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டே டிரைவர் அருள்முருகன் கேட்டான். பணிப்பெண் சிவமலர் குப்பைப் பையைக் கீழே வைத்தாள். 'மடம்' என்று இருவரும் அழைக்கும் எஜமானியின் குடும்பத்தோடு அவள் இங்கிலாந்திலுள்ள யோர்க்குக்குப் போய்வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

"மதில் அண்ணை. ஊரைச் சுத்தி மதில். அதுக்கு மேலாலை சனம் நடந்து திரியுது. நான் அவையின்ரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தனான்."

"அப்புறம்?"

"பிறகு நாட்டுப்புறம். எங்கை பார்த்தாலும் செம்மறி. அப்பிடிக் கொழுப்பு."

"நம்ம மடத்த விடவா?"

சிவமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெடித்திருந்த உதட்டில் ரத்தம் கசிந்தது.

அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பை நிறுத்தினான். ஸ்டுடியோவிலிருந்து வாங்கி வந்த உறையைத் திறந்து ஒரு படத்தை உருவினான். யோர்க் மதில். பின்னால் தேவாலயக் கோபுரம். தரையில் ஐஸ்கிரீம் விழுந்து கிடக்க, குழந்தை அழுகிறது. மடத்தின் ஒரு கை சிவமலரின் பின்னலைப் பிடித்திழுக்க, மறு கை அறைய ஓங்கியிருக்கிறது. மடத்தின் மூத்த மகள் விளையாட்டாக எடுத்தது. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி.

"எம்பசிக்குத் தப்பிப் போனா ஆதாரம் கேப்பாங்க, என்ன காட்டுவ? இத வச்சுக்க."

"பாஸ்போட் அவவிட்டை எல்லோ கிடக்கு?"

"அத அவங்க பாத்துக்குவாங்க. நீ இத விட்றாத."

படம் அவள் சட்டைக்குள் போனது.

மத்தியானம் மடம் கத்தரிக்கோலோடு கூடத்தில் உட்கார்ந்தாள். உறையிலிருந்த படங்களில் சிவமலர் விழுந்திருந்ததையெல்லாம் எடுத்து வெட்டினாள். பிறகு பிலிம் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், ஒரு படம் குறைவதைக் கண்டு சட்டென்று எழுந்தாள்.

"வேன் சூரா? படம் எங்கே?"

"மாஃபி, மடம். இல்லை."

தரை துடைக்கும் கட்டை முழங்காலில் இறங்கியது. விழுந்தவளின் முதுகில் இன்னும் இரண்டு. தலைமுடியைப் பற்றி நெற்றியைப் பளிங்குத் தரையில் மோதினாள்.

"வேன் சூரா?"

"மாஃபி."

கத்தரிக்கோல் முனை தோளில் குத்தி நின்றது. மடத்தின் கை சட்டைக் கழுத்துக்கு வந்தபோது சிவமலர் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். நாலு வருடத்தில் முதல் தடவை. பிடித்த வேகத்தில் தள்ளினாள். மடம் கண்ணாடி மேசைமேல் சரிய, மேசை சுக்குநூறானது.

சிவமலர் வாசலுக்கு ஓடினாள். பெரிய கேட் அகலத் திறந்து கிடந்தது. அருள்முருகன் கழுவின காரையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்ணும் பாக்கல. ஓடு தங்கச்சி, யல்லா!"

தெருமுனையில் டாக்சி நின்றது. "எம்பசி," என்று ஏறி உட்கார்ந்து படத்தை வெளியே எடுத்தாள். தோள் ரத்தம் வழிந்து படத்தில் அவள் முகம் மறைந்திருந்தது. சால்வை நுனியால் துடைத்தாள். முகம் தெளியவில்லை. ஓங்கிய கையும் தேதியும் அப்படியே இருந்தன.