தவீ காதில் சொன்னது

1
இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. தாய்லாந்தில், கோராட்டில் சண்டைக் கூடத்துக்குப் பின்னால் பப்பாளிக்காய் இடித்துக்கொண்டே சண்டைக்காரி கன்லயா சொன்னது. முடித்ததும், "அக்கா, அண்ணன் காதுல சொன்னத மட்டும் படத்துல எழுதிராத" என்றாள்.

திரைக்கதையில் எழுதிவிட்டேன். நல்ல வரி கிடைத்தால் என் கை சும்மா இருக்காது.

2
முதல் தொடக்கம்: "ரத்தம் சொட்டச் சொட்ட அவள் எழுந்து..." வேண்டாம். முவாய் தாய் என்கிற எங்கள் குத்து, உதைச் சண்டையைச் சுவரொட்டியில் மட்டும் பார்த்தவர்கள் எழுதுவது.

இரண்டாவது: "வலியில் அவள் முகம்..." இது சுத்தப் பொய். விலாவில் உதை விழுந்தால் எங்கள் பெண்கள் சிரிப்பார்கள். வலி தெரிந்தால் நடுவர்கள் எதிராளிக்குப் புள்ளி போட்டுவிடுவார்களே. உதை எவ்வளவு பலமோ, சிரிப்பு அவ்வளவு அகலம்.

3
படத்தில் கன்லயாவாக நடிப்பது கன்லயாவேதான். சண்டைக்கு முன் மேடையில் வணக்க நடனம் முடிந்ததும், தலையில் வைத்த மந்திரித்த நூல்வளையத்தை மூலையில் நிற்பவர் கழற்றி, ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். அவளுக்கு அதைச் செய்தது அண்ணன் தவீ. கடைசியாகக் கழற்றிய மறுவாரம் லாரி மோதிச் செத்தான்.

தவீயாக நடித்தவர் வளையத்தைக் கழற்றினார். குனிந்து அவள் காதில்,
[இங்கே அந்த வரி இருந்தது]
என்றார்.

கன்லயா சிரித்தாள். பல்லெல்லாம் தெரிந்தது.

இயக்குநர் ப்ரமோத் பாங்காக்கில் காதல் படங்கள் எடுத்துப் பழகியவர். "ஏம்மா, அண்ணன் பேசுறான். நீ கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி இளிக்கிற. அழுதாத்தான் காட்சி, இல்லன்னா தூக்கிருவேன்."

"வரல சார்."

"கண்ணுல மருந்து விடவா?"

"ரிங்குல அழுதா அண்ணன் திட்டும் சார்."

பிறகு என்னைப் பார்த்தாள். அதே சிரிப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது.*

* வெட்கத்தோடேயே, இதைவிட நிஜமான முகம் எந்தப் படத்திலும் வந்ததில்லை என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை.

4
முடிவு அ: அந்தச் சிரிப்பு என்னவென்று ப்ரமோத்திடம் சொல்கிறேன். காட்சி பிழைக்கிறது. தவீ சொன்னது ஊருக்கெல்லாம் கேட்கிறது.

முடிவு ஆ: வாயை மூடிக்கொள்கிறேன். காட்சி போகிறது. வரி அவளோடு வீடு திரும்புகிறது.

இரண்டையும் என்னால் பிரமாதமாக எழுத முடியும். அதனால்தான் என்னை நம்பக்கூடாது.

"நீங்க சொல்லுங்க, வைக்கவா, எடுத்துரவா?" என்று ப்ரமோத் என் பக்கம் திரும்புகிறார்.

நீங்களே சொல்லுங்கள். ஆனால் அதற்குமுன், அந்த அடைப்புக்குறிக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டீர்களா, இல்லையா? எனக்கும் அதே ஆசைதான் வந்தது. கன்லயா இன்னும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.